தந்தையாரின் நாட்குறிப்பு

வட்டக்கச்சியில் இரணைமடு நீரை நம்பிக் கமஞ்செய்த என் தந்தையார், அதற்கு முன்னர் இலங்கைப் பாதுகாப்புப் படையிற் சேர்ந்து திருகோணமலையிலே பணிபுரிந்தவர். அவருடைய போர்க்கால நாட்குறிப்பையும் படைச்சேவையையும் ஆராயத் தொடங்கியவிடத்து 1942 ஏப்ரல் 9 ஆம் நாட்குறிப்பே என்னைத் திகைக்க வைத்தது.

அன்று காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தந்தையாரோ பகலுணவு கிடைக்கவில்லை என்று மாத்திரம் எழுதியுள்ளார். மேலதிகாரிகளின் தணிக்கைக்கு அஞ்சினாரோ, எழுத மனம் வரவில்லையோ! சேவைப் பதிவேட்டில் இதற்கு விடையில்லை. சேர்ந்த நாள், பதவி, விலகிய நாள் ஆகியவற்றோடு அது நின்றுவிடுகிறது. ஆயினும் அவர் அன்று எப்பிரிவில் இருந்தார் என்பதை அதுவே கூறும். ஆதலால் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.

அவ்வாறு படிக்க வன்னியில் எத்தனை வீடுகளில் ஏடு எஞ்சியுள்ளது? 2009 ஜனவரியில் வட்டக்கச்சி மக்கள் கிழக்கே பெயர்ந்தபோது பிறப்புச் சான்றையும் காணி உறுதியையும் மடியிற் கட்டிக்கொண்டனர். பழைய கொப்பிகளைச் சுமக்க யாருக்குக் கை இருந்தது? இந்நாட்குறிப்பு யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டில் இருந்தமையால் தப்பியது.

ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரைக் கொண்டு, முதியோர் கூறும் போர்க்காலச் செய்திகளை இடமும் நாளும் கேட்டு எழுதுவித்தல் வேண்டும். நாள் பிழைத்தாலும் தயங்க வேண்டா. விமானம் வந்த நாளை நூல்களிற் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.