‘போதும்’ என்று சொல்ல ஒருவர்

இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பிய ஓர் இரவில், 13 வயதான என் தங்கை மகன் கைப்பேசியை நீட்டி, “மாமா, இதைப் பாருங்களேன்” என்றான். சிறுத்தைத் தோல் வடிவில் பளபளக்கும் கால்சட்டை அணிந்த இளைஞர் ஒருவர், குத்துச்சண்டை மேடையின் மேல் கயிற்றைப் பிடித்துக் குட்டிக்கரணம் அடித்து உள்ளே குதிக்கிறார். இரு கைகளையும் தொங்கவிட்டபடி எதிரியின் முன் ஆடுகிறார். அடுத்த நொடி எதிரி தரையில் கிடக்கிறார். “இவரும் நம்மவர்தானாம். ஜெயித்ததும் அல்லாஹு அக்பர் என்று சொல்கிறார்” என்று பெருமையோடு சொன்னான் பையன்.

அவனுடைய மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இளைஞரைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் அப்படியே மகிழ்ந்தவன். ஆயினும் அந்தக் காணொலி அவருடைய வாழ்வின் பாதிக்கதையை மட்டுமே சொல்கிறது. மீதிக்கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடமை என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

‘இளவரசர்’ என்று உலகம் அழைத்த நசீம் ஹமீத், 1974ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் யமன் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர். எஃகு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற அந்நகருக்கு, அவ்வாலைகளின் உலைகளில் வேலை செய்ய யமனியர் பலர் புலம்பெயர்ந்து வந்திருந்தனர். நசீமின் தந்தையார் விங்கோபேங்க் என்னும் பகுதியில் சிறிய பலசரக்குக் கடை நடத்தினார். கடைக்கு அருகிலேயே, தேவாலயத்தைச் சார்ந்த ஒரு கூடத்தில், அயர்லாந்தின் டப்ளினிலிருந்து வந்து குடியேறிய பிரெண்டன் இங்கிள் என்பவர் ஏழைச் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கிள் பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளிக்கு வெளியே ஒரு சின்னஞ்சிறுவன் தன்னைவிடப் பெரிய பையன்களிடம் ஒற்றையாக மோதி, பிடிகொடுக்காமல் வளைந்து நெளிந்து தப்புவதை அவர் கண்டாராம். அந்தச் சிறுவன்தான் நசீம். 7 வயதில் அந்தக் கூடத்திற்குள் காலடி வைத்தவர், ஏறத்தாழ 17 ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தார்.

அந்தக் கூடத்தின் பயிற்சி முறை வித்தியாசமானது. தரையில் கோடுகள் வரையப்பட்டிருக்கும். அவற்றின்மேல் முன்னும் பின்னும் நடந்து நடந்து சிறுவர்கள் முதலில் கால்வைக்கப் பழக வேண்டும். பயிற்சி மோதல்களில் உடலில் மட்டுமே குத்தலாம், தலையில் குத்தக் கூடாது. முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அறிந்த நமக்கு, முஸ்லிமல்லாத அந்தப் பயிற்றுநரின் விதி வியப்பைத் தரும். பிள்ளைகளின் மூளையைக் காக்க வேண்டும் என்ற அக்கறையே அதன் பின்னணி.

1992இல் நசீம் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்தார். 1995 செப்டம்பரில், 21 வயதில், கார்டிஃப் நகரில் ஸ்டீவ் ராபின்சனை அவருடைய சொந்த மண்ணிலேயே எட்டாவது சுற்றில் வீழ்த்தி, ஃபெதர்வெயிட் எனப்படும் 57 கிலோ எடைப்பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். அதுவரை குத்துச்சண்டை என்றாலே மக்கள் ஹெவிவெயிட் வீரர்களையே பேசினர். மெலிந்த உடல் கொண்டவர்களின் எடைப்பிரிவுகளையும் உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தவர்களுள் நசீம் முதன்மையானவர். 1997 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கெவின் கெல்லியுடன் மோதினார். இருவரும் மும்முறை தரையில் விழுந்தெழுந்த அந்தப் போட்டி, நான்காவது சுற்றில் நசீமின் வெற்றியோடு முடிந்தது. வெவ்வேறு காலங்களில் மூன்று பெரிய உலக அமைப்புகளின் பட்டங்கள் அவரிடம் இருந்தன. 1999இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருதும் கிடைத்தது.

நிறத்தாலும் பெயராலும் ஒதுக்கப்பட்டுப் பழகிய ஒரு தலைமுறை, தன் பெயரையும் மார்க்கத்தையும் மறைக்காத ஓர் இளைஞரின் வெற்றியில் தலைநிமிர்ந்தது. அந்த மகிழ்ச்சி தவறானதன்று.

இங்கே ஒரு மார்க்க விளக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எதிரியின் உடலைச் சேதப்படுத்துவதையே வெற்றியாகக் கருதும் தொழில்முறைக் குத்துச்சண்டை கூடாது என்று, மக்காவில் உள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1987இல் தீர்ப்பளித்தது. பார்வையிழப்பு, மூளைச் சிதைவு, மரணம் வரை கொண்டுசெல்லக்கூடிய விளையாட்டு அது என்பதே காரணம். உடற்பயிற்சியும் தற்காப்பும் வேறு. பணத்திற்காகத் தலையில் குத்துவது வேறு. ஆகவே பிள்ளைகளிடம் நசீமைப் பற்றிப் பேசும்போது, “நீயும் இப்படி ஆக வேண்டும்” என்று சொல்ல நமக்கு இடமில்லை. அவருடைய வாழ்விலிருந்து கற்க வேண்டியது வேறொன்று.

நசீம் 20 வயதில் ஐரோப்பியப் பட்டத்தை வென்ற போட்டியின் இறுதிச் சுற்றில், தோற்றுக்கொண்டிருந்த இத்தாலிய வீரரை ஏளனம் செய்து ஆடினார். அதை ரசிக்காதவர்கள் அன்றே இருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆரவாரம் கூடியது. 2000ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த ஒரு போட்டிக்கு, பறக்கும் கம்பளத்தில் அமர்ந்து அரங்குக்குள் இறங்கினார். நியாயமாகச் சொன்னால், இந்த ஆட்டபாட்டத்தில் இங்கிளுக்கும் பங்குண்டு. ரசிகர்களைக் கவரத் தம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தாம். ஆனால் ஏழு வயது முதல் அறிந்த பிள்ளையிடம் “இது போதும், இங்கே நில்” என்று சொல்லும் உரிமையும் அவருக்கு மட்டுமே இருந்தது.

1998இல் அந்த உறவு முறிந்தது. பணப் பங்கீடு குறித்த மனக்கசப்பும், இங்கிள் வெளிப்படையாகப் பேசிய சில செய்திகளும் காரணம் என்பர். யார் பக்கம் நியாயம் அதிகம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? அதன் பிறகும் நசீமுக்குத் தேர்ந்த பயிற்றுநர்கள் கிடைத்தனர், வெற்றிகளும் தொடர்ந்தன. ஆயினும், ஏற்கெனவே உலகச் சாம்பியனாக இருப்பவரிடம் ஊதியம் பெற்று வேலைக்குச் சேர்ந்தவர், ஏழு வயதுப் பிள்ளையைக் கோட்டின்மேல் நடக்கப் பழக்கியவர் பேசுவதைப் போலப் பேச முடியாது. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அனைவரும் சிந்திக்க வேண்டும்.

2001 ஏப்ரல் 7 அன்று லாஸ் வேகாஸில் மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பரேரா எதிரே நின்றார். நசீம் ஆயத்தத்தில் அலட்சியம் காட்டினார், பயிற்சியின் பெரும்பகுதி எடையைக் குறைப்பதிலேயே கழிந்தது என்று அக்காலத்திலேயே பேசப்பட்டது. பரேரா ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. பன்னிரண்டு சுற்றுகளும் பொறுமையாக, கணக்காக, அடிப்படைப் பாடம் பிசகாமல் குத்தினார். கடைசிச் சுற்றில் நசீமின் தலையைப் பிடித்து மேடைமூலையில் மோதினார். அதற்காக அவருக்கு ஒரு புள்ளி குறைக்கப்பட்டது. அப்படியிருந்தும் மூன்று நடுவர்களும் பரேராவுக்கே வெற்றியை அளித்தனர். அதன் பின் 2002 மே மாதம் ஒரே ஒரு போட்டி. அதில் வென்றும் பழைய ஒளி இல்லை. 28 வயதில், 37 போட்டிகளில் 36 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்ற கணக்கோடு அவர் மேடையை விட்டு இறங்கினார்.

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினர். இவ்வுலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் அமைதியாக விளக்கினார்கள். இந்த ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தன்னுடைய ஒட்டகமே தோற்றபோது அவ்வாறு சொன்ன நபியின் உம்மத்துக்கு, தோல்வி ஓர் அவமானமன்று. ஆகவே நசீம் பரேராவிடம் தோற்றதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. என் கவலை அதற்குப் பிந்தைய நிகழ்வைப் பற்றியது.

2005 மே மாதம், ஷெஃபீல்டுக்கு அருகே ஒரு சாலையில், விலையுயர்ந்த தம் காரைக் கடும் வேகத்தில் ஓட்டிச் சென்ற நசீம், தாண்டக் கூடாத நடுக்கோட்டைத் தாண்டி முன்னால் சென்ற வண்டியை முந்த முயன்றார். எதிரே வந்த கார்மீது மோதினார். அதை ஓட்டி வந்தவருக்குப் பல எலும்புகள் முறிந்தன. வேகத்திற்காக நசீம் முன்னரே தண்டிக்கப்பட்டவர். 2006 மே மாதம் நீதிமன்றம் அவருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. சுமார் 16 வாரங்கள் சிறையில் இருந்த பின் வெளியே வந்தார். எம்.பி.இ. விருதும் பறிக்கப்பட்டது.

கோட்டின்மேல் கால்வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, வேறொரு கோட்டைத் தாண்டியதால் சிறை சென்றார். மேடையில் அவர் செய்த ஆரவாரத்தின் விலையை அவரே கொடுத்தார். சாலையில் காட்டிய அதே துணிச்சலின் விலையை, அவருக்கு முன்பின் தெரியாத ஒருவரும் சேர்ந்து கொடுக்க நேர்ந்தது. ஆணவம் தனிமனிதனின் உள்நோய் என்று எண்ணுகிறோம். அது அடுத்தவர் எலும்பையும் முறிக்கும்.

எதிரியை வீழ்த்துபவனை அல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனையே வலிமையுள்ளவன் என்று நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டினார்கள். நாவால் தக்பீர் சொல்வது எளிது. அது நடையிலும், கைகளிலும், வண்டியின் வேகத்திலும் இறங்குவதுதான் கடினம். பூமியில் செருக்குடன் நடக்காதே என்று லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தை அல்லாஹ் குர்ஆனில் நிலைநிறுத்தியதன் காரணமும் இதுவே. அந்த உபதேசத்தை மகனுக்குச் சொன்னவர் ஒரு தந்தை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு முஸ்லிமின் பிழையை இப்படிப் பேசுவது புறமாகாதா என்று சிலர் கேட்கலாம். ஊரறிந்த நிகழ்வை, படிப்பினைக்காக, வரம்போடு நினைவுகூர்கிறோம். அவர் தமக்குரிய தண்டனையை அனுபவித்துவிட்டார். 2015இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. உடல் சிதைந்த பின்னும் பணத்திற்காக மேடையேறும் வீரர்கள் நிறைந்த துறையில், 28 வயதில் விலகியதும் ஓர் அருட்கொடையே. அவரைவிட நாம் மேலானவர்கள் என்ற எண்ணம் இதை எழுதும்போது என் உள்ளத்தில் எழுந்தால், அதுவும் அதே நோய்தான்.

அந்தக் கதையில் எனக்கு மிக வருத்தம் தருவது வேறு. பிரெண்டன் இங்கிள் 2018 மே மாதம், 77 வயதில் காலமானார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே அந்தப் பழைய நெருக்கம் கடைசிவரை திரும்பவில்லை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நன்றிக்கு ஆசிரியரின் மதம் ஒரு தடையன்று.

நம் வீடுகளிலும் திறமைமிக்க பிள்ளைகள் இருக்கிறார்கள். இனிய குரலில் கிராஅத் ஓதும் பிள்ளை, பள்ளியில் முதலிடம் பெறும் பிள்ளை, பந்து பிடித்தால் மைதானமே கைதட்டும் பிள்ளை. மேடை ஏற்றுகிறோம், காணொலி எடுத்துச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அனுப்புகிறோம். அதே பிள்ளையை மதரஸாவில் உஸ்தாத் கண்டித்தால், “என் மகனை எப்படிச் சொல்லலாம்?” என்று மறுநாளே போய் நிற்கிறோம். அதனால் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுப்பது என்ன? உன்னைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை என்பதைத்தானே?

ஓர் இறைநம்பிக்கையாளர் மற்றோர் இறைநம்பிக்கையாளருக்குக் கண்ணாடி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். புகழ்பவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, வெற்றி வந்தால் அவர்கள் தாமே வருவார்கள். ‘போதும்’ என்று சொல்பவர்தாம் அரிது. அவர் தந்தையாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், கண்டிப்பான கணக்கு வாத்தியாராக இருக்கலாம். பிள்ளைக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், பிள்ளையின் முன்னிலையில் அவரைக் குறைத்துப் பேசாதீர்கள். அவரோடு பணத்தாலோ சொல்லாலோ மனக்கசப்பு வந்தால், பிள்ளைக்கும் அவருக்குமான உறவு அறுந்துபோகாதபடி தீர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு என் தங்கை மகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். சாலை விபத்தைக் கேட்டபோது அவன் முகம் வாடியது. சற்று நேரம் கழித்து, “அந்த உஸ்தாதிடம் அவர் ஸாரி கேட்டிருக்கலாமே மாமா” என்றான். குட்டிக்கரணத்தைத் தாண்டி அவன் மனத்தில் தங்கியது அதுதான் என்பதில் எனக்கு நிறைவு.

எங்கள் இறைவா! எங்கள் பிள்ளைகளுக்குத் திறமையைக் கொடு. அத்திறமையைக் காக்கும் பணிவையும் கொடு. எங்களைத் திருத்துபவர்களின் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.