உறையூர் மழைநீர் எங்கே போவது?

உறையூர் என்றதும் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஏணிச்சேரி முடமோசியார் நினைவுக்கு வருவார். மருத்துவன் தாமோதரனார், முதுகண்ணன் சாத்தனார் என்று ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன் சுமந்த புலவர்கள் இன்னும் பலர். ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பிடித்துக்கொண்டால் எங்களுக்கு வரும் நினைவு வேறு: எந்தப் புத்தக மூட்டையை முதலில் பரணில் ஏற்றுவது? 2005 நவம்பரில் நண்பர் ஒருவர் வீட்டில் கட்டில் உயரத்துக்கு ஏறிய நீரில் இருபதாண்டுச் சிற்றிதழ்த் தொகுப்பு ஊறிக் கூழாயிற்று. எஞ்சிய தாள்களைப் பிரித்து வெயிலில் காயவைத்த அந்த வாரத்தில்தான் நாங்கள் வடிகாலைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். இலக்கியக்காரர்களுக்குச் சாக்கடையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் சொல்லத் தோன்றவில்லை.

ஊரின் இருப்பை ஒருமுறை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். வடக்கே காவிரி, தெற்கே உய்யக்கொண்டான், மேற்கே குடமுருட்டி. உய்யக்கொண்டான், முதலாம் ராஜராஜன் காலத்தது என்று சொல்லப்படும் வாய்க்கால்; பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகருக்குள் புகுந்து வெளியேறி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. தெற்கிலிருந்து வரும் கோரையாறு புத்தூரில் இதைச் சந்திக்கிறது. மிகுநீர் அங்குள்ள கலிங்கில் இறங்கிக் குடமுருட்டியாகக் காவிரிக்குப் போகிறது. எனவே எங்கோ தெற்கே மேட்டுநிலத்தில் பெய்த மழைக்கும் உறையூர்த் தெருவுக்கும் உறவுண்டு. காவிரியும் கரைபுரளும் நாளானால் குடமுருட்டி இறங்க இடமின்றி ஏறி நிற்கும். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் நகரம் பட்டது இதுதான்.

வாய்க்கால் மேட்டில் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும் என்பது உழவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாத செய்தி. ஒன்று வயலுக்கு நீர் கொடுப்பது, மற்றது வயலிலிருந்து நீரை வாங்கிக்கொள்வது. வயல்கள் மனைகளானபோது கொடுக்கும் கால்களில் பல தூர்ந்தன. வாங்கும் கால்கள் சாலைகளாயின. மேட்டில் ஓடும் பாசன வாய்க்காலிலேயே நகரம் தன் கழிவைக் கொட்டத் தொடங்கியது. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே நடத்திய அகழாய்வில் செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி கிடைத்தது. தொட்டி கட்டியவன் சாயநீர் வெளியேறும் வழியையும் யோசித்திருப்பான் என்றே நம்புகிறோம்.

இன்று வடிகால் எப்படிப் பிறக்கிறது? சாலைக்கு நிதி வருகிறது. சாலையோடு ஒட்டி ஒரு கான்கிரீட் கால்வாயும் மதிப்பீட்டில் சேர்கிறது. தெரு முடியுமிடத்தில் அதுவும் முடிகிறது. அடுத்த தெருவின் மட்டம் என்ன, அங்கே நிதி வந்ததா என்பதெல்லாம் வேறு கோப்பு. தார்மேல் தாராகச் சாலை உயர்ந்து வாசற்படிகள் பள்ளமாகின்றன. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே அறிவுறுத்த வேண்டியிருந்தது.

நிதியின் கதையும் துண்டுதுண்டானதுதான். 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் இயக்கம் 63 நகரங்களைத் தேர்ந்தபோது தமிழகத்திலிருந்து சென்னை, கோவை, மதுரை இடம்பெற்றன; திருச்சி இல்லை. 2015இன் அம்ருத் திட்டம் மழைநீர் வடிகாலைத் தன் இனங்களுள் ஒன்றாக ஏற்றது. 2021இல் வந்த இரண்டாம் அம்ருத்தில் குடிநீரும் கழிவுநீரும் நீர்நிலைகளும் முன்னால் வந்தன. 2017இல் திருச்சியைச் சேர்த்துக்கொண்ட சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச்சில் முடிந்தும் போயிற்று. திட்டங்கள் வந்து போகும் வேகத்தில் நிலத்தின் சரிவு மாறுவதில்லை.

1992இன் 74ஆம் திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்குரிய 18 பணிகளை அடுக்குகிறது. சாலை, பாலம், குடிநீர், தெருவிளக்கு, பூங்கா, இறைச்சிக்கூடம் வரை உண்டு. மழைநீர் வடிகால் என்று தனியே ஒன்று இல்லை. வடிகாலும் கரைகளும் மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவில், பாசனத்தோடு இருக்கின்றன. ஆக, தெருவில் ஓடும்வரை நீர் மாநகராட்சியினுடையது. குடமுருட்டியைத் தொட்டதும் நீர்வளத் துறையினுடையது. நெடுஞ்சாலையைக் கடக்கையில் இன்னொரு துறையினுடையது. உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடையில் எடுத்துக்காட்டாத அரசியலர் அரிது. அதில் ஏரி வாரியம் என்று நீருக்கென்றே ஒரு குழு இருந்ததை மட்டும் யாரும் பின்பற்றுவதாகக் காணோம்.

2021 நவம்பரில் கோரையாறு பெருகி நகரின் மேற்குப் பகுதிகளில் நீர் புகுந்தபோது இந்த ஊருக்கு மாமன்றமே இல்லை. 2016 அக்டோபரில் கலைந்த மன்றத்துக்குப்பின் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இந்த ஐந்தாண்டுக்கும் மேலான காலத்தில் ஒரு தெருக்காரர் போய் நிற்க வார்டு உறுப்பினர் ஒருவரும் இல்லை.

எங்கள் கருத்து இது: திட்டம் நீர் சேருமிடத்தில் தொடங்கிப் பின்னோக்கித் தெருவுக்கு வரவேண்டும், பணமும் அவ்வாறே. குடமுருட்டியில் வாய் அகலாமல் தெருவில் எத்தனை கால்வாய் கட்டினாலும் அவை நீள்தொட்டிகளே. ஆறு ஏறியிருக்கும் நாளில், அடைப்புக் கதவில்லாத வடிகால் ஆற்றுநீரை எதிர்வழியில் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். கதவும் வேண்டும், கதவை மூடியபின் தெருநீரை இறைக்க மோட்டாரும் வேண்டும், அதுவரை நீர் நிற்கப் பள்ளநிலமும் வேண்டும். இதற்குச் செலவு மிகுதி, நில எடுப்பு நீளும் என்று பொறியாளர்கள் சொல்வது பொய்யன்று. ஆற்றுவாயில் திறப்புவிழாக் கல்வெட்டு வைக்க வாகான இடமில்லை என்பதும் ஒரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தூர்வாரும் செலவுக்கு எந்தத் திட்டத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். 2022இல் உயர்த்திய சொத்துவரியில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்கலாம்.

ஊரின் பழங்கதையில் உறையூரை அழித்தது மண்மாரி. வீடிழந்த மக்களுக்குக் கூரை அமையும்வரை தனக்கும் வேண்டாம் என்று வெக்காளியம்மன் இன்னும் திறந்த வானத்தின்கீழ் மழையில் நனைகிறாள். கூரை அமைந்த வீடுகளில் இப்போது நீர் வாசல் வழியாக வருகிறது.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நாங்கள் நால்வர் போகிறோம். கேட்கப்போவது ஒன்றே: எங்கள் தெருக்களிலிருந்து குடமுருட்டி வரை நிலமட்டங்களைக் குறித்த ஒரு வரைபடம், தமிழில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.