துப்பாக்கி செய்வது பொழுதுபோக்கா?

திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று பெயர். மூங்கில் வெட்டியவர்களின் வாச்சி, மண்ணுக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பட்டது என்பது தல வரலாறு. ஒரு கருவியின் பெயரையே சாமிக்கு வைத்த ஊர் இது.

இன்றும் இந்த வட்டாரத்தில் கருவி பிடிக்கும் கைகள் அதிகம். ஒரு பக்கம் ஆவடி டாங்கித் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். வீட்டுக்கு ஒரு பிட்டர், தெருவுக்கு ஒரு டர்னர்.

எங்கள் தெருவிலும் ஒரு பையன் இருக்கிறான். கும்மிடிப்பூண்டியில் லேத் ஓட்டுகிறான். கெட்டிக்காரன். போன வாரம் கைபேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர், பட்டாளம் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கியின் பாகங்களை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிப் புதிதாக்குகிறார்.

"பாகம் மட்டும் கிடைத்தால் நானும் செய்வேன் மாமா!" என்றான்.

செய்வான். அதுதான் எனக்குப் பயம்.

தபாலில் வந்த துப்பாக்கி

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்தது. லட்சக்கணக்கான துப்பாக்கிகள் மிஞ்சின. வியாபாரிகள் அவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கிச் சல்லிசான விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் கட்டையைச் செதுக்கி, குழலைக் குறைத்து, வேட்டைத் துப்பாக்கி ஆக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போனது.

1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்ற துப்பாக்கி எது தெரியுமா? இத்தாலியப் படை கழித்த பழைய துப்பாக்கி! குறிபார்க்கும் கண்ணாடியோடு சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். பொய்ப் பெயரில் தபாலில் வாங்கியிருந்தான் ஆஸ்வால்ட். 1968-ல்தான் அந்தத் தபால் வியாபாரத்துக்குச் சட்டம் பூட்டுப் போட்டது.

டர்னருக்குப் புரியும் கணக்கு

நம் நாட்டுப் போலீசாரின் கையில் வெகு காலம் இருந்தது 'திரீ நாட் திரீ' துப்பாக்கி. உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 குடியரசு தினத்தன்றுதான் அதற்கு விடை கொடுத்தார்கள்.

அதில் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் அழுத்தம் எவ்வளவு? சதுர அங்குலத்துக்கு 40 ஆயிரம் பவுண்டுக்கு மேல். லாரி டயரில் அடிக்கும் காற்று சுமார் 100 பவுண்டு. அந்த டயர் வெடித்தாலே ஆள் பிழைப்பது கஷ்டம்.

இத்தனை அழுத்தத்தையும் அடைத்து நிறுத்துவது பின்னால் உள்ள ஒரு தாழ். தாழுக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவே இடைவெளி கூடினால் பித்தளை உறை கிழியும். நெருப்புக் காற்று சுடுகிறவன் முகத்தில் அடிக்கும். அதனால் அந்தத் துப்பாக்கியின் ஒரு வகைக்குத் தாழின் முனையை 0, 1, 2, 3 என்று எண் போட்டு நாலு அளவில் செய்தார்கள். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசம் மயிரிழைதான். ஒரு துப்பாக்கியின் தாழை இன்னொன்றில் மாட்டினால் பார்வைக்குப் பொருந்தும். வெடிக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூர் தொழிற்சாலை இதே துப்பாக்கியைப் புதிய 7.62 தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றியது. அப்போது எஃகின் தரத்தையே உயர்த்தினார்கள். அனுபவப்பட்ட தொழிற்சாலையே அவ்வளவு யோசித்தது. கொட்டகையில் எந்த எஃகைச் சோதிப்பது? யார் சோதிப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்க்கவும், மாற்றி அமைக்கவும், சுட்டுச் சோதிக்கவும்கூட லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. தனியாகக் கிடக்கும் சின்ன உதிரிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் மற்ற பாகத்தோடு சேர்க்கும் எண்ணம் இருந்தால் அந்த விலக்கு கிடையாது.

தண்டனை? 2019-ல் திருத்திய பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டு ஜெயில். ஆயுள் தண்டனை வரை போகலாம்.

"இது வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த சட்டம் அப்படிப்பட்டது. இந்தியன் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று போட்டது. 1959 சட்டம் நம் பார்லிமெண்ட் செய்தது.

என் குறை சட்டத்தின் மேல் இல்லை. அதைப் பட்டறைக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லையே! ஒருவன் வருவான். "இந்தக் குழாயை இந்த அளவுக்குக் கடைந்து கொடு தம்பி, ஆயிரம் ரூபாய் தருகிறேன்" என்பான். கொடுத்தவன் போய்விடுவான், கடைந்தவன் மாட்டிக்கொள்வான். மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீசார் அறிவிப்புச் செய்கிறார்கள். நல்லதுதான். அதே அறிவிப்பு லேத் பட்டறைச் சுவரிலும் இருக்கட்டும். ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே இதைச் சொல்லித் தரட்டும்.

பையன் விடவில்லை. "அப்போ என் ஆசைக்கு என்ன வழி மாமா?" என்றான்.

நியாயமான கேள்வி. துப்பாக்கி வேலைதான் பிடிக்கும் என்றால், திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையே இருக்கிறது. ஆள் எடுக்கும்போது மனுப் போடட்டும். சுடுவதுதான் ஆசை என்றால் ரைபிள் கிளப்பில் சேரட்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்துத்தான் ஒலிம்பிக் வரை போனார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "மரத்தில் ஒன்று செதுக்கி வைத்துக்கொள்ளலாமா?" என்றான்.

"செதுக்கு. ஆனால் குழலுக்குத் துளை போடாதே" என்றேன்.

நேற்று பார்த்தேன். தேக்குக் கட்டை ஒன்று வாங்கி வந்திருக்கிறான்.