பிரிப்பதற்கு முன் ஒரு பிரார்த்தனை

சோனியின் பழைய ஐபோ ரோபோ நாய்களை இன்றும் பேணுகிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், என் மனம் சிபா மாகாணத்தின் இசுமி நகரிலுள்ள கொஃபுகுஜி கோயிலில் போய் நிற்கிறது. 1999இல் ஜப்பானில் இருபதே நிமிடங்களில் 3,000 விற்றுத் தீர்ந்த நாய். 2006இல் உற்பத்தி நின்றது, 2014இல் பழுதுபார்ப்பும் நின்றது. பேட்டரி செத்துவிடும், கழுத்துக் கிளட்ச் தேய்ந்து தலை தொங்கிவிடும். மாற்ற உதிரிபாகம் கிடையாது. சோனியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர், யாரோ கொடுத்துவிட்ட நாயைப் பிரித்துத்தான் இன்னொன்றை நடக்க வைக்கிறார்கள். பிரிப்பதற்கு முன், எந்த ஊர், யார் வீட்டு நாய் என்று எழுதிய அட்டையோடு அவற்றை அந்தக் கோயிலில் வரிசையாக வைத்து, புத்த பிக்கு மந்திரம் ஓதுகிறார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு; எனக்கு இது ஆழ்ந்த நாகரிகமாகவே படுகிறது. பொருளுக்கு உயிர் இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அதன்மேல் ஒரு குடும்பம் வைத்த பாசம் உண்மையானது. அதற்குத்தான் அந்த மரியாதை. பாசம் வைக்கும்படி ஒரு பொருளைச் செய்து விற்கிற நிறுவனம், உற்பத்தியை நிறுத்தும் நாளில் அதன் வரைபடங்களையும் உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதைச் சட்டமாக்கினாலும் தவறில்லை.