வலிக்காத பாதங்களும் கரிசல்காட்டு முள்ளும்

நீரிழிவோடு வாழ்வதே ஒரு சாகசம் என்கிற பேச்சு சில காலமாகக் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. மலையேறியவர், மாரத்தான் ஓடியவர், சைக்கிளில் தேசத்தைச் சுற்றி வந்தவர் என்று வார இதழ்களின் வழவழப்பான பக்கங்களில் படங்கள் வருகின்றன. இடுப்பில் இன்சுலின் பம்ப், புஜத்தில் ஒட்டிய உணர்கருவி, முகத்தில் வெற்றிப் புன்னகை. மனம் வைத்தால் சர்க்கரை நம்மை என்ன செய்துவிடும் என்கிற தொனியில் கீழே ஒரு வாசகம். 1997இல் நோய் தெரிந்த பிறகும் 2003 வரை பந்து வீசிய வாசிம் அக்ரமும், அதே 1997இல் நோய் தெரிந்து 2000 சிட்னி ஒலிம்பிக்கில் படகோட்டத் தங்கம் வென்ற ஸ்டீவ் ரெட்கிரேவும் போற்றத்தக்கவர்களே. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நம்முடைய வழக்கு அவர்கள் மீதானது அல்ல. சாகசம் என்ற சொல்லை அவர்கள் பெயருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்ட பொதுப்புத்தியின் மீதானது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போகும் பேருந்தில் ஒரு சித்திரை மாத மத்தியானம் ஏறி அமர்ந்து பாருங்கள். வெடித்துக் கிடக்கும் கண்மாய், கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக்கருவேலம், அங்கங்கே கரிமூட்டத்தின் புகை, மழை பெய்தால் மட்டும் ஆறு என்று பெயர் பெறும் குண்டாறு. இந்த நிலத்தில் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்கும், தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்திருப்பவருக்கும், விடியுமுன் மல்லிகை மொட்டு பறிக்கப் போகும் பெண்ணுக்கும், நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கும் 'சுகர்' இருக்கிறது. அவர்கள் எந்த மலையிலும் ஏறவில்லை. ஒவ்வொரு நாளையும் ஏறிக் கடக்கிறார்கள்.

அந்த நாள் எப்படிப்பட்டது என்று சற்றே நிதானமாகப் பார்ப்போம்.

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகள் சில உண்டு; கிளிபென்கிளமைடு அவற்றில் பழையது. அதை விழுங்கியவர் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், பேச்சு குழறும், இன்னும் இறங்கினால் நினைவு தப்பும். உச்சி வெயிலில் விறகு வெட்டுகிறவர் வியர்வையை எதன் கணக்கில் எழுதுவார், வெயில் கணக்கிலா, சர்க்கரைக் கணக்கிலா? விசைத்தறியில் ஓட்டிய அளவுக்குக் கூலி. எழுந்துபோய்ச் சாப்பிடும் அரைமணி நேரம் சம்பளத்திலிருந்து கழிகிறது. இரவு ஷிப்டுக்காரருக்கு வாராவாரம் பகலும் இரவும் இடம் மாறுகின்றன; 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதிய சீட்டில் எது காலை? சர்க்கரை கூடினால் அடிக்கடி சிறுநீர் போகும், தாகம் எடுக்கும். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண் ஒதுங்க இடமின்றித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். நோய் தண்ணீரைக் கேட்கிறது, பொட்டல்காடு அதை மறுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே அவர் உடம்பு.

இதைத்தான் 'வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

பாதத்தின் கதை இதனினும் கொடிது. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகின்றன. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறினாலும் தெரியாது. இரண்டு நாள் கழித்துச் செருப்பில் ஈரம் கண்ட பிறகே புண் தெரியவரும். வலி என்பது காவல்காரன். காவல்காரன் செத்துப்போன வீட்டில் எது நுழைந்தாலும் கேட்க ஆளில்லை. இதைத் தெளிவாக உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணிபுரிந்த பால் பிராண்ட். தொழுநோயில் பாதம் அழிவது பெரும்பாலும் உணர்வின்மையால் நேரும் காயங்களாலேயே என்று அவர் காட்டினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு அதே அறிவு அங்கே நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்பட்டது. தமிழ் மண்ணில் விளைந்த அறிவு அது. பாத உணர்வைச் சோதிக்கத் தேவைப்படுவதோ ஒரு நைலான் இழை, பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் விசையில் வளைகிற இழை. அவ்வளவுதான். நூலும் இழையுமாகவே பிழைக்கிற அருப்புக்கோட்டையில், அந்த ஓர் இழை எத்தனை பாதங்களைத் தொட்டிருக்கும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பங்குனிப் பொங்கல் வந்தால் அம்மனுக்கு விரதமிருந்து தீச்சட்டி எடுப்பதும் பூக்குழி இறங்குவதும் இப்பகுதியின் வழக்கம். நம்பிக்கையை நாம் கேலி செய்யவில்லை. உணர்வற்ற பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் மட்டும் எழும். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயக்கம் வரும். இந்த இரண்டு செய்தியையும் கொடியேற்றத்துக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களும் பூசாரிகளும் ஒலிபெருக்கியில் சொன்னால் அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நிற்க. 'இது பணக்காரன் வியாதி. தின்று கொழுத்தவனுக்கு வருவது' என்ற பழைய பல்லவிக்கு வருவோம்.

திருச்சுழி என்றதும் 1879 டிசம்பரில் அங்கே பிறந்த ரமணரை நினைப்போம். அவர் பிறப்பதற்குச் சற்று முன்புதான், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் தென்னகத்தைத் தின்று தீர்த்தது. அதன் பிறகும் இந்த வானம் பார்த்த பூமி வறட்சியை மறந்ததில்லை. பசியில் வளரும் கருவின் உடம்பு பற்றாக்குறைக்கென்றே தன்னை வடிவமைத்துக்கொள்கிறது என்றும், பிற்பாடு சோறு தாராளமாகக் கிடைக்கும்போது அதைக் கையாளத் திணறுகிறது என்றும் ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் ஒரு கருதுகோளை வைத்தார்கள். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்ததை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. புனேயின் யாஜ்னிக், இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைக் கண்டார். ஒல்லியான உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு அது.

இன்னொன்றும் உண்டு. ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவை உலக சுகாதார நிறுவனம் 1985இல் தனிவகையாக ஏற்று, 1999இல் பட்டியலிலிருந்து நீக்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் விடாமல் சான்று திரட்டிய பிறகு, 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதை 'ஐந்தாம் வகை' என்று மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஆக, தின்றவனுக்கு மட்டுமல்ல, தின்னக் கிடைக்காதவனுக்கும் சர்க்கரை வரும். பஞ்சம் போய்விட்டது. உடம்பு அதை மறக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். பத்துக் கோடிப் பேரும் பண்ணையார்களா?

அடுத்து உணவு. குதிரைவாலியும் கம்பும் சோளமும் விளைந்த, இன்றும் குதிரைவாலி விளைகிற பூமி இது. பசியைப் போக்க அரிசிச் சோறு வந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். 1977இல் அருப்புக்கோட்டையில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். பசியை வென்ற சோற்றைப் பழிப்பவர் பசியை அறியாதவர். அந்தப் பழிப்பில் நமக்குப் பங்கில்லை. ஆனால் பசியை வென்ற பிறகு அடுத்த படி எங்கே என்று கேட்காதிருப்பதும் நேர்மையல்ல. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் மாதம் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. குதிரைவாலி விளைகிற திருச்சுழி வட்டத்துக் கடையில் குதிரைவாலி கிடைப்பதற்கு என்ன தடை? இங்கே விளைந்தது மதுரைக்கும் சென்னைக்கும் போய், பளபளக்கும் பொட்டலத்தில் 'பாரம்பரியம்' என்ற பெயரோடு விலையேறி உட்கார்ந்திருக்கிறது.

உடனே சிறுதானியப் பக்தர்கள் கைதட்ட வேண்டாம். 2025இல் வெளிவந்த, நாடளாவிய அதே ஆய்வின் இன்னொரு பகுதி, இந்தியர் உணவில் ஆற்றலின் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் சிறுதானியத்தை வைத்தால் மட்டும் ஆபத்து குறைவதில்லை என்றும் சொன்னது. பருப்பும் பயறும் மோரும் முட்டையும் தட்டில் கூட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு என்ற கணக்கு போதாது. சண்டையை அங்கே போடுவோம்.

கருப்பட்டி போட்டால் சுகருக்கு ஒன்றும் செய்யாது என்பாரும் நம்மிடையே உண்டு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். பனை நம்முடையது என்பதால் கணையம் சலுகை காட்டாது. இதைவிடக் கொடியவர்கள், மாத்திரையையும் ஊசியையும் நிறுத்திவிட்டு எங்கள் பொடியைத் தின்னுங்கள் என்கிறவர்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும் வரை, முதல்வகை நீரிழிவு வந்த குழந்தைகள் பட்டினி வைத்தியத்தில் எலும்பும் தோலுமாகிச் செத்தார்கள். கண்டறிந்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அந்த மருந்தை ஒரு குழந்தையிடமிருந்து பறிக்கச் சொல்கிறவருக்குப் பெயர் வைத்தியர் அல்ல.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது என்பது இங்கே அன்றாடக் கேள்வி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குறையாதிருந்ததைக் காட்டியது. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் இங்கே வெயில் 37ஐத் தாண்டும். நிழலில், ஈரமணலில் வைத்த மண்பானை உதவும். இதை எழுதிக் கொடுக்காத மருந்துச் சீட்டு பாதிச் சீட்டுதான்.

கடைசியாக, இலக்கியத்துக்கு வருவோம். கரிசல் எழுத்து வறட்சியை எழுதியது, பசியை எழுதியது, சம்சாரியின் நாக்கையும் நையாண்டியையும் எழுதியது. அந்தப் பசியின் அடுத்த அத்தியாயம் சர்க்கரை. அதை எழுதிய பக்கங்கள், வாசித்தவரையில், விரல்விட்டு எண்ணத்தக்கவை. காசநோய்க்குக் கிடைத்த காவியச் சோகம் நீரிழிவுக்குக் கிடைக்கவில்லை. மெதுவாகக் கொல்வதால் அதற்கு நாடகம் இல்லை என்று கருதுகிறார்கள் போலும்! சர்க்கரைக்காரர் நம் கதைகளில் வந்தால் லட்டு திருடும் மாமாவாகவே வருகிறார். நோயுற்ற எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் தம் மருத்துவரும் நீரிழிவாளருமான ஆர்.டி.லாரன்ஸோடு சேர்ந்து 1934இல் இங்கிலாந்தில் நீரிழிவாளர் சங்கம் கண்டார். விண்வெளிச் சாகசம் எழுதிய கை, ஊசி வாங்க முடியாத ஏழைக்காகவும் எழுதியது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். மாத்திரை கொண்டுவரும் கையில் அந்த நைலான் இழையும் இருக்கட்டும். முள் ஏறாத தடித்த அடியுள்ள செருப்பு மருந்துப் பட்டியலில் ஏறட்டும். தறிக்கூடத்திலும் நூற்பாலையிலும் சாப்பாட்டு நேரம் கூலியோடு கூடிய உரிமையாகட்டும். வேலைத்தளத்தில் தண்ணீரும் மறைவிடமும் வரட்டும்.

அதன் பிறகும் யாருக்கேனும் சாகசம் தேவைப்பட்டால் மலையேறட்டும். கருவேலங்காட்டுக்குப் போய் இரண்டு காலோடு திரும்பி வருவது ஒருவருக்கும் சாகசமாக இருக்கக் கூடாது.