சேறு எங்கே போகிறது?

போன கோடையில் எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பில் பழைய போர் வற்றிவிட்டது. புதிதாக ஒன்று போட மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவருக்கே கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். சங்கச் செயலாளர் பதவி. ரிட்டயர்டு குமாஸ்தாவைத் தேடிக்கொண்டு வரும் பதவி அது ஒன்றுதான்.

இரண்டு நாள் சாம்பல் நிறச் சேறு தெருவில் ஓடி மழைநீர் வடிகாலில் இறங்கியது. "எங்க சார் போகும் இது?" என்று வாட்ச்மேன் கேட்டார். "பக்கிங்காம் கால்வாய்க்குப் போயிடும்ப்பா" என்றேன். போகவில்லை. வடிகாலுக்குள்ளேயே இறுகிவிட்டது. ஐப்பசி மழையில் எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய போர்கள் மனதில் ஓடுகின்றன. நான் காரைக்கால்காரன். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் அங்கேதான். சுற்றிலும் நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று எண்ணெய்யும் எரிவாயுவும் எடுக்கும் ஊர்கள். பிரெஞ்சில் சேற்றுக்கு 'பூ' என்று பெயர். வகுப்பில் அந்த வார்த்தை வந்தால் நாங்கள் சிரித்துவிட்டு அடி வாங்குவோம்.

எண்ணெய்க் கிணறு தோண்டச் சேறு இல்லாமல் முடியாது. பென்டோனைட் களிமண்ணும் தண்ணீரும் கலந்து, கனத்துக்கு பேரைட் பொடி சேர்த்துக் குழாய் வழியே உள்ளே செலுத்துவார்கள். அது துளைமுனையைக் குளிர வைக்கும், பாறைத் தூளை மேலே கொண்டுவரும், கீழிருந்து வாயு பீறிட்டு வராமல் அழுத்திப் பிடிக்கும். மேலே வந்ததும் அதிர்சல்லடையில் தூளைப் பிரித்து, சேற்றைத் திரும்ப உள்ளே விடுவார்கள். வேலை முடிந்ததும் மிஞ்சுவதுதான் தலைவலி.

பழைய பழக்கம், கணக்குப் போட்டேன். 12¼ அங்குல அகலத்தில் ஆயிரம் மீட்டர் துளைத்தால் சுமார் 76 கன மீட்டர் பாறை வெளியே வரும். அதையே 8½ அங்குலமாக்கினால் 37கூட வராது. ஆக, கழிவைக் குறைப்பது கிணற்றின் வரைபடத்திலேயே ஆரம்பிக்கிறது. முடிந்த இடத்தில் குறுகலான துளை, ஒரே இடத்திலிருந்து சாய்வாகப் பல கிணறுகள், நல்ல சல்லடை, ஒரு கிணற்றுச் சேற்றை அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோவது. இவை எல்லாம் உலகம் அறிந்த முறைகள்தான்.

சட்டமும் இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 30 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை, டீசல் கலந்த சேறு கூடாது என்கிறது. நிலத்தில் தோண்டினால் மிஞ்சும் கழிவை, நீர் கசியாத விரிப்புப் போட்ட குழியில்தான் கொட்டி மூட வேண்டும்.

2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தபோதும், நெடுவாசல் போராட்டத்தின்போதும் பேச்செல்லாம் 'வேண்டும், வேண்டாம்' என்பதாகவே இருந்தது. அந்த மக்களின் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. 2020-இல் வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. ஆனால் அதற்கு முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடாது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்கு அது செல்லவும் செல்லாது. மூடிய குழிகளோ அங்கேயேதான் கிடக்கும்.

நான் கேட்பது ஒரு ரிஜிஸ்தர். கிணறு வாரியாக எத்தனை கன மீட்டர் வந்தது, எவ்வளவு மறுபடி பயன்பட்டது, மீதி எந்த சர்வே எண்ணில் புதைந்தது, விரிப்பை யார் பார்த்துக் கையெழுத்திட்டார். அது பஞ்சாயத்து அலுவலகத்தில், கேட்டவர் புரட்டிப் பார்க்கிற மாதிரி, தமிழில் இருக்க வேண்டும். பாறையின் கனத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. செலவாகும் என்பார்கள். எங்கள் போர்க்காரரும் அதையே சொன்னார், நானும் தலையாட்டினேன்.

பின்தெருச் சங்கத்தில் அடுத்த மாதம் போர் போடுகிறார்களாம். விலைப்புள்ளிகளை என்னிடம் காட்டினார்கள். மூன்றிலும் சேறு அள்ளும் கூலி என்று ஒரு வரி இல்லை. சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.