திருவாதிரை மங்கியபோது நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்?

2020 ஜனவரி 10, ஆருத்ரா தரிசனம். யாங்கூனில் எங்கள் பகுதிக் கோயிலில் விடியற்காலையிலேயே நடராஜருக்கு அபிஷேகம் முடிந்தது. வீட்டில் பாட்டி களி கிண்டியிருந்தார். களியும் கூட்டும் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி எல்லாரையும்போல நானும் நேரத்தோடு படுத்துத் தூங்கினேன்.

அந்த வாரங்களில்தான் திருவாதிரை என்கிற அந்த விண்மீனே மங்கிக்கொண்டிருந்தது. 2019 கடைசியில் தொடங்கிய மங்கல், 2020 பிப்ரவரி நடுவில் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. விண்மீன் வெளியே தள்ளிய வாயு, குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்ததே காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வெறுங்கண்ணுக்கே தெரிந்த மாற்றம் அது. உலகமெங்கும் வானியல் ஆர்வலர்கள் இரவிரவாகக் குறிப்பெடுத்தார்கள். அதன் பெயரில் விழா எடுத்த எங்கள் தெருவில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும்தான்.

செய்தியை இணையத்தில் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்கும் கேள்வி, "என்ன நட்சத்திரம்?" அதற்கு நம் வீட்டுக் குழந்தைகூடப் பதில் சொல்லும். "அது எங்கே இருக்கு, காட்டு" என்றால் தாத்தாவுக்கும் தெரியாது. இந்தக் குறையைக் காசு செலவில்லாமல் தீர்க்கலாம் என்பதுதான் நான் சொல்லவந்தது. மொட்டைமாடியில் கொஞ்சகாலம் செய்து பார்த்துவிட்டே சொல்கிறேன்.

ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிக்கத் தொலைநோக்கி கட்டாயமில்லை. திருவாதிரைக்குக் கண் போதும். இருபது நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்கவேண்டும். பிறகு, ஒளி அளவு தெரிந்த இரண்டு விண்மீன்களோடு ஒப்பிடவேண்டும். புரோசியான் 0.4, ரோகிணி 0.9. எண் கூடினால் ஒளி குறைவு. திருவாதிரை முதலாவதைவிட மங்கல், இரண்டாவதைவிடப் பளிச்சென்று இருந்தால் இடையில் ஓர் எண்ணைக் குறிக்கலாம். சிவப்பு விண்மீனை வெறித்துப் பார்த்தால் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். ஆகவே பார்வையைச் சட்டென்று மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். தேதி, நேரம், எண் மூன்றையும் எழுதி அனுப்பினால், 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒளி மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்தின் தொகுப்பில் சேரும். அங்கே கோடிக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். யாங்கூன் மாடியிலிருந்து ஒரு மாணவன் எழுதிய எண்ணுக்கும் அதில் ஒரு வரி உண்டு.

இங்கே மழைக்காலம் அக்டோபர் வரை வானத்தை மூடிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நமக்கு வேலை. 2021 பிப்ரவரியில் ஐந்து பேர் கூடத் தடை வந்தது. இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு. பூங்காவில் கூட்டம் சேர்த்து வானம் காட்டுவதெல்லாம் நடக்காத காரியம். ஆனால் மொட்டைமாடி அவரவர் வீடு. அதோடு மணிக்கணக்கான மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. மீப்யெட் என்று பர்மியத்தில் சலித்துக்கொண்டே பிள்ளைகள் மாடிக்கு வருவார்கள். வடக்கே ஷ்வேடகோன் பகோடா, தெற்கே ஆற்றுக்கு அப்பால் டலா. பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் தலைக்கு மேலே திருவாதிரை, டலா பக்கம் தாழ்வாக அகத்திய விண்மீன். திடீரென்று கரண்ட் வரும். "மீலாபி!" என்று கத்திக்கொண்டு அத்தனை பேரும் கீழே ஓடிவிடுவார்கள். அன்றைய வகுப்பு அத்தோடு சரி.

அப்படி வந்த ஒரு பொடியன்தான் எனக்கு ஆய்வு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தான். ஒருநாள் மேகம். தொடர் பதிவு விட்டுப்போகக் கூடாதே என்று, மற்றவர்கள் அனுப்பியிருந்த எண்ணைப் பார்த்து 0.6 என்று நானும் அனுப்பிவிட்டேன். மறுநாள் என் நோட்டைப் புரட்டியவன் கேட்டான், "அண்ணே, நேத்து மேகமா இருந்துச்சே, எப்படிப் பாத்தீங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவே அந்தப் பதிவை நீக்கினேன். பார்த்ததை மட்டும் எழுது, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுது. மாடிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இப்போது அதைத்தான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பக்கத்துக் கட்டடத்து அக்கா, மூல நட்சத்திரம். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்ததால் வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. ஏப்ரல் புழுக்கத்தில், கரண்ட் இல்லாத ஒரு நள்ளிரவுக்கு மேல், மாடியில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தார். தென்கிழக்கே தேளின் வால் எழும்பியிருந்தது. கொடுக்கைக் காட்டி, "அக்கா, அதுதான் உங்க மூலம்" என்றேன். நெடுநேரம் பார்த்தார். "இதுவா? இது பாட்டுக்கு அங்க கிடக்கு. இதுக்கு என்னைத் தெரியுமா என்ன?" என்றார். அவர் சிரித்தாரா, அழுதாரா என்று இருட்டில் தெரியவில்லை.

ஜாதகம் பார்ப்பவர்களோடு சண்டைக்குப் போகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிறந்த நேரத்தில் நிலவு அந்தத் திசையில் இருந்தது என்பதுதான் ஜன்ம நட்சத்திரம். அந்தத் திசையை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும். மிச்சத்தை அவரவரே யோசிப்பார்கள்.

இது இறக்குமதிச் சரக்கும் அல்ல. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி சிறுநூல் எழுதி இந்திய மொழிகளிலும் பரப்பினார். பஞ்சாங்கக் கணக்கு, வானத்தில் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகவேண்டும் என்று வாதாடியதும் அவரே. ஆய்வும் ஊருக்குச் சொல்வதும் அவருக்கு இரண்டு வேலையாக இருக்கவில்லை.

1960களில் இங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, எங்கள் தலைமுறைக்குத் தமிழ் என்பது கோயில் வகுப்பில் கிடைத்ததுதான். லண்டனிலும் டொரண்டோவிலும் உங்கள் வாரக்கடைசி வகுப்புகளும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்று கேள்விப்படுகிறேன். பிள்ளைகள் 'அணில், ஆடு' எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம் என்று வானத்தில் விரல் வைத்துக் காட்டினால், ஒரு பர்மியப் பிள்ளைக்கோ வெள்ளைக்காரப் பிள்ளைக்கோ தெரியாத ஒன்று தமிழால் தனக்குத் தெரிகிறது என்று நம் பிள்ளை உணரும். எங்கள் மாடியில் தமிழில் பேசவே கூச்சப்பட்ட சிறுமி ஒருத்தி, இப்போது தன் பர்மியத் தோழியை அழைத்துவந்து ரோகிணியைக் காட்டுகிறாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கோயில் நிர்வாகங்களும் தமிழ் வகுப்பு நடத்துவோரும் மாதம் ஒருமுறை, நிலவில்லாத ஒரு மாலையில், பிள்ளைகளை வெளியே அழைத்துவாருங்கள். அரைமணி நேரம், ஐந்து விண்மீன்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மார்கழித் திருவாதிரை அன்று களி கொடுத்த கையோடு, இருட்டியதும் ஒரு முறை வாசலுக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். அகத்திய விண்மீன் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் எழும்பாது. சிட்னியில் உச்சிக்கு அருகே ஏறும். திருவாதிரையோ எல்லாருக்கும் தெரியும். சிட்னிக்காரர்களுக்கு மட்டும் தலைகீழாக.

பாட்டிக்கு இப்போது மாடிப்படி ஏற முடிவதில்லை. சென்ற ஆருத்ராவுக்கு நாற்காலியைத் தெருவில் போட்டு உட்காரவைத்துக் காட்டினேன். "எண்பது வருஷமா களி கிண்டுறேன். ஒருத்தனும் காட்டலையேடா" என்றார்.

அடுத்த முறை அது மங்கினால் எங்கள் தெருவில் நாலு பேருக்காவது தெரியும். உங்கள் தெருவில்?